நீங்க அவங்களுக்கு யாரு?

"நீங்க அவங்களுக்கு யாரு?" என்று அந்தப் பெண் காவலர் கேட்டார். குரலில் கடுமை இல்லை. மேசைமேல் விரித்துவைத்திருந்த பதிவேட்டில் ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும், அதற்காகக் கேட்டார்.

"அக்கா" என்றேன்.

"கூடப் பொறந்த அக்காவா?"

"இல்ல. அக்கா மாதிரி."

"மாதிரின்னு எப்படி மேடம் எழுதறது?"

2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தைக் காலையிலேயே பிடித்துப் போய், கடற்கரைப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் பழைய மாணவி. முந்தின இரவு பத்தரை மணிக்கு அவள்தான் போன் செய்தாள். "மேடம், உங்க தெருவுக்கு மீன் கொண்டாருவாங்களே, அவங்கள வீட்டுக்காரர் போட்டு அடிக்கிறாரு. போனையும் உடைச்சிட்டாரு. யாரும் கிட்ட போக மாட்டேங்கறாங்க." மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரே குப்பத்தில் இருவருக்கும் எதிரெதிர் வீடு.

மீன் கொண்டுவருபவளை எனக்கு அப்போதே ஒன்பது வருடப் பழக்கம். பெயரை எழுதப்போவதில்லை. வாரத்தில் மூன்று நாள், அலுமினியக் கூடையில் சங்கராவும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் வரும்; வரத்து நன்றாக இருக்கும் நாளில் வஞ்சிரம். முதல் வருடம் "டீச்சரம்மா" என்றாள். அடுத்த வருடம் அது "அக்கா" ஆனது. என் மகள் பெரியவளானபோது புட்டு செய்து தூக்கில் எடுத்துவந்தாள். என் அம்மாவின் காரியத்தன்று யாரும் சொல்லாமலேயே பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிவிட்டுப் போனாள். உதடு கிழிந்து வந்த நாட்களும் உண்டு. "படியில விழுந்துட்டேங்கா" என்பாள். அவள் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே படி கிடையாது. தெரிந்தும் மீனை வாங்கிக்கொண்டு சில்லறையை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

காவலர் அடுத்த கேள்விக்குப் போனார். "கத்தி, கட்டை, பாட்டில் எதாவது வச்சு அடிச்சாரா?"

"இல்லீங்க மேடம், கையாலதான்" என்றாள் மாணவி.

"எலும்பு கிலும்பு முறிஞ்சிருக்கா?"

"தெரியலீங்க."

"வெறும் கையாலன்னா அது நான்-காக்னிசபிள். நாங்க நேரா எடுக்க முடியாது. புருஷன் கொடுமைன்னு எடுக்கணும்னா அவங்களே வரணும். இல்லாட்டி அவங்க அம்மா, அண்ணன், தம்பி யாராவது வந்து எழுதிக் குடுக்கணும். நீங்க குடுத்து நாங்க எடுத்தா நாளைக்குக் கோர்ட்டுல எங்களத்தான் நிக்க வைப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏட்டு ஒருத்தர அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வரச் சொல்றேன்" என்றார்.

எனக்குக் கோபம். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் புத்தகம் வாங்கி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் அட்டவணையைப் படித்தேன். அவர் சொன்னது அவ்வளவும் சரி. தவறு செய்த காவலரைத் திட்டிக் கட்டுரை எழுதுவது சுலபம். விதிப்படி நடந்துகொண்ட ஒருவரால் ஒரு பெண்ணுக்கு உதவ முடியாமல் போகிறதென்றால், கேள்வியை வேறு இடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

*

நம் சட்டம் குற்றங்கள் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒருவகைக் குற்றத்தில் காவல்துறை நீதிமன்றத்தின் பிடியாணைக்குக் காத்திராமல் கைது செய்யலாம். யாருடைய உத்தரவுமின்றிப் புலன்விசாரணையைத் தொடங்கலாம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, ஆள்கடத்தல் இந்த வகை. மற்ற வகையில், நீதித்துறை நடுவர் உத்தரவிட்டாலொழியக் காவலர் புலன்விசாரணையே செய்யக் கூடாது. முதல் வகைக்கு முதல் தகவல் அறிக்கை உண்டு. இரண்டாம் வகைக்கு, சொன்னதன் சாரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, சொன்னவரை நடுவரிடம் போகச் சொல்லி அனுப்ப வேண்டும். 1973ஆம் ஆண்டின் சட்டத்தில் இவை 154, 155ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173, 174. எண்கள் மாறின, பிரிவினை அப்படியே இருக்கிறது.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்குச் சொல்லில் கண் நின்றது. காக்னிசபிள் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'அறிதல்'. அந்த மொழியில் இது அறியத்தக்க குற்றம், அறியத்தகாத குற்றம் என்ற பிரிவினை. தமிழில் சட்டச் சொல் ஆக்கியவர்கள் அறிதலை விட்டுவிட்டுக் கைதைப் பெயராக்கினார்கள்: பிடியாணை வேண்டாக் குற்றம், பிடியாணை வேண்டும் குற்றம். ஒரு மொழி அறிவதைச் சொல்கிறது, இன்னொன்று பிடிப்பதைச் சொல்கிறது. இரண்டுமே சரிதான். அரசு அறிவதும் அரசு பிடிப்பதும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். பிடிக்க அதிகாரமில்லாததை அரசு அறிந்துகொள்ள மறுக்கிறது. அறிந்துகொண்டால் பிடிக்கும் அதிகாரமும் கூடவே வந்து நிற்கிறது.

அன்று இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு, வேண்டுமென்றே ஒருவருக்குக் காயம் விளைவிப்பது. ஓராண்டு வரை சிறை. பிடியாணை வேண்டும் குற்றம். அதே காயத்தைக் கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் செய்தால் 324, பிடியாணை வேண்டாக் குற்றம். வெறும் கை ஆயுதம் அல்ல. வலை இழுத்துக் காய்த்துப்போன கை தாடையில் விழுந்தால் என்ன ஆகும் என்பது அட்டவணைக்குத் தெரியாது.

கணவன் வீட்டுக் கொடுமைக்காக 1983இல் சேர்க்கப்பட்டது 498அ. மூன்றாண்டு வரை சிறை. இது பிடியாணை வேண்டாக் குற்றம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தகவலைப் பாதிக்கப்பட்ட பெண்ணே கொடுக்க வேண்டும், அல்லது ரத்தத்தாலோ திருமணத்தாலோ சுவீகாரத்தாலோ அவளுக்கு உறவானவர் கொடுக்க வேண்டும். அப்படி உறவே இல்லையென்றால் மட்டும் மாநில அரசு அறிவித்த வகையைச் சேர்ந்த அரசு ஊழியர் கொடுக்கலாம். புதிய சட்டத்தில் 85ஆம் பிரிவானபோதும் இந்த நிபந்தனை வரி மாறாமல் வந்துசேர்ந்தது.

தெருவில் ஒரு பிணம் கிடந்தால் அந்த வழியாகப் போகிற யாரும் காவல் நிலையத்தில் சொல்லலாம். அவர் யாருக்கு யார் என்று கேட்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்குள் பெண் அடிபடுகிறாள் என்றால் எதிர் வீட்டுக்காரியின் காது சட்டத்தின் கண்ணில் காதே இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். 'திருமணத்தால் உறவு' என்ற வாசல் வழியாக அடிப்பவனின் அம்மா வந்து தகவல் கொடுக்கலாம். அலறலைக் கேட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருந்த மாணவி கொடுத்தால் செல்லாது. தமிழில் நாம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளைக்கூட அக்கா என்கிறோம். சட்டத்தின் அக்கா வேறு.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்தச் சுவரில் ஒரு சன்னல் வைத்தது. அதன் 4ஆம் பிரிவின்படி, குடும்ப வன்முறை நடந்தது என்றோ நடக்கும் என்றோ நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. அன்று காலை எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை போட்ட பிறகு கணவன் அதை மீறினால் அது பிடியாணை வேண்டாக் குற்றம், ஜாமீனில் விட முடியாத குற்றம். வெறும் கையால் மனைவியை அடித்தபோது அசையாத சட்டம், தன் உத்தரவை மீறியதும் எழுந்து நிற்கிறது. தன் உடம்பில் பட்டால்தான் அதற்கும் வலிக்கிறது போல.

*

அந்த அட்டவணையை நான் பல நாள் படித்தேன். எந்தக் குற்றத்துக்கு அரசு உடனே எழுந்து ஓட வேண்டும், எதற்கு உட்கார்ந்திருக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் காலனிய அரசு போட்ட கணக்கின் தொடர்ச்சி அது. சட்டத்தின் மனசாட்சி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முகவுரையில் தேட வேண்டாம், அட்டவணையில் பார்க்கலாம்.

திருட்டை எடுத்துக்கொள்வோம். பழைய சட்டத்தில் பத்து ரூபாய் நெத்திலியைத் திருடினாலும் பிடியாணை வேண்டாக் குற்றம். அதே நெத்திலிக்காரியின் கன்னத்தில் அறைந்தால் பிடியாணை வேண்டும். புதிய சட்டம் இதைச் சரிசெய்ததா? 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல்முறை தண்டனை பெறுபவர், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான் தண்டனை என்றது. அத்தகைய திருட்டைப் பிடியாணை வேண்டும் பக்கத்துக்கு மாற்றியது. பசிக்குத் திருடியவரைச் சிறையில் தள்ளாதிருப்பது நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தன் ஒருநாள் முதலான மீன்கூடையைப் பறிகொடுத்தவளும் இனி நடுவரிடம் போய் நிற்க வேண்டும். அவளுடைய கன்னத்தைக் கூடைக்குச் சமமாக உயர்த்தியிருக்கலாம். கூடையைக் கன்னத்துக்குச் சமமாக இறக்கியிருக்கிறார்கள்.

இருதார மணம். ஏழாண்டு வரை சிறை உண்டு, ஆனாலும் பிடியாணை வேண்டும் குற்றம். பாதிக்கப்பட்ட மனைவியோ அவளுடைய நெருங்கிய உறவோ நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். முறையிட்டாலும், இரண்டாவது திருமணம் உரிய சடங்குகளோடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்று 1965இல் பாவ்ராவ் லோகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொய்யும் தவறும் தோன்றிய பிறகே பெரியோர் திருமணத்துக்குக் கரணம் வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியம். ஏமாற்றுகிறவனைக் கட்டுவதற்கு வந்த கரணம், ஏமாற்றுகிறவன் தப்புவதற்கும் வழியாயிற்று: சடங்கைச் செய்யாமல் விட்டால் போதும். அந்த வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அட்டவணைக்குத் தெரியாது.

இதைவிட மோசமான வரி ஒன்று இருந்தது. 1973ஆம் ஆண்டின் அட்டவணையில், பாலியல் வன்கொடுமைக்கு எதிரே ஒரு விலக்கு: கணவன் தன் மனைவியிடம் செய்து, அவளுக்குப் பன்னிரண்டு வயதுக்குக் குறையாதிருந்தால், இரண்டாண்டு வரை சிறை அல்லது அபராதம், பிடியாணை வேண்டும், ஜாமீனும் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நடந்ததை அறிந்துகொள்ள அரசுக்கு நடுவரின் உத்தரவு தேவைப்பட்டது. 2013 திருத்தம் வரும்வரை அந்த வரி அங்கேதான் இருந்தது. வயது வந்த மனைவிக்கு நடந்தால் அது குற்றமே இல்லை என்ற விலக்கு இன்றும் இருக்கிறது.

2013 நவம்பர் 12இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பிடியாணை வேண்டாக் குற்றம் நடந்ததாகத் தகவல் சொன்னால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காணாமல்போன ஒரு சிறுமியின் தகப்பன் காவல் நிலையத்தில் அலைக்கழிக்கப்பட்டதிலிருந்து பிறந்த வழக்கு அது. பெரிய தீர்ப்பு. ஆனால் பதியும்முன் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று சில வகைகளைக் குறிப்பிட்டார்கள். அந்தப் பட்டியலில் முதலில் வருவது திருமண, குடும்பத் தகராறுகள். பிறகு வணிகக் குற்றம், மருத்துவ அலட்சியம், ஊழல். புதிய சட்டத்திலோ மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களுக்கு, துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று பொதுவாகவே வந்துவிட்டது. கணவன் கொடுமையும் அந்த வரம்புக்குள் விழுகிறது. சில குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் காவலருக்கே தண்டனை என்று 2013இல் 166அ கொண்டுவந்தார்கள். அதன் பட்டியலில் 498அ இல்லை.

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருப்பதாக 2019-21இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் 14 விழுக்காடுதான். மற்றவர்கள் ஏன் தேடவில்லை என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வீட்டுக்குள் நடப்பது அறியத்தக்கதல்ல என்று அட்டவணை சொல்லாமல் சொல்லிவந்திருப்பதும் அதில் ஒன்று.

*

அப்படியானால் எல்லாவற்றையும் பிடியாணை வேண்டாக் குற்றமாக்கிவிடலாமா? கொஞ்ச நாள் நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஓர் இருளர் மாணவி இருந்தாள். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிக்கரைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது. பயணிகள் மாமல்லபுரம் போகிற வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் பேசி முடித்ததும் அவள் எழுந்து கேட்டாள்: "மேடம், எங்க ஊர்ல எந்தத் திருட்டு நடந்தாலும் எங்க ஆளுங்களத்தான் பேப்பர் இல்லாம தூக்கிட்டுப் போவாங்க. அந்தப் பேப்பரு ஒண்ணுதானே மேடம் தடுப்பு?"

அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு நாளானது. 1992ஐ நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டில்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 20இல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனமரம் தேடி நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், பதினெட்டுப் பெண்களை வன்புணர்ந்தார்கள். அந்தப் பெண்கள் சொன்னதை முதலில் யாரும் பதியவில்லை. நீதிமன்றம் தலையிட்டு, மத்தியப் புலனாய்வுத் துறை வந்து, 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பிடியாணையின்றிப் பிடிக்கும் அதிகாரம் அங்கே அந்தப் பெண்கள்மேல்தான் இறங்கியது.

ஆகவே பிடியாணை என்ற தடுப்பு அதிகாரமற்றவர்களுக்குத் தேவை. பிடியாணை வேண்டாம் என்ற வேகமும் அதிகாரமற்றவர்களுக்குத் தேவை. வீட்டுக்குள் அடிபடுகிறவளும், வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்படுகிறவளும் ஒரே குடிசையில் இருக்கலாம், ஒரே பெண்ணாகவும் இருக்கலாம். பெண்ணியம் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டால் அது பாதிப் பெண்களுக்கான பெண்ணியமாகப் போய்விடும்.

*

நான் காவல் நிலையம் போய்வந்த பிறகு இரண்டு வாரம் மீன் வரவில்லை. நடந்ததை மாணவி சொன்னாள். ஏட்டு குப்பத்துக்குப் போயிருக்கிறார். அன்று சாயங்காலமே ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிட்டது. இந்தக் கரையில் பஞ்சாயத்து என்றால் ஆண்கள் கூடுவது; சம்பந்தப்பட்ட பெண் ஓரமாக நிற்பாள், அவளுக்காக அண்ணனோ தம்பியோ பேசுவார். கணவனுக்குத் தண்டம் விதித்தார்கள். தண்டப் பணம் ஊர்க் கணக்கில் சேர்ந்தது. அவளுக்கும் திட்டு விழுந்தது, ஊருக்குள் போலீசைக் கொண்டுவந்ததற்காக. அவளுடைய அண்ணனிடம் நான் போனில் பேசினேன். "ஊர்ல பேசி முடிச்சிட்டோம் மேடம், நீங்க படிச்சவங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமா" என்றார்.

பிறகு ஒருநாள் அவளே வந்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க போனது தப்புன்னு சொல்லலக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாம்."

"உன் போன்தான் உடைஞ்சு கெடந்துச்சே."

"அந்தப் பொண்ணு போன்ல கேட்டிருக்கலாமில்ல? எதிர் வீடுதானே?"

எனக்குப் பதில் இல்லை. அந்தக் காலை பேருந்தில் ஏறி, முப்பது கிலோமீட்டர் போய், காவலரோடு வாதாடத் தெரிந்த எனக்கு, அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவளுக்கு நடந்ததை அவளைக் கேட்காமலேயே கையிலெடுத்துக்கொண்டு நடக்கிற வேலையை அரசு மட்டும் செய்வதில்லை.

"சரி, உனக்கு இன்னாதான் வேணும்?" என்று ஒன்பது வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

"அவர உள்ள போட வேணாங்கா. போட் கடன் ரெண்டு பேர் பேர்லயும் கீது. அவரு உள்ள போனா நான்தான் கட்டணும். ஆனா அடிச்சாருன்னு எங்கியாவது எழுதியிருக்கணும். ஊர்ல பேசுவாங்க, எழுத மாட்டாங்க."

நெய்தல் பாடல்களைப் பத்தொன்பது வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். அம்பல், அலர் என்ற இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு கேட்டுத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா வைப்பேன். வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது அம்பல், வெளிப்பட்டு ஊரெங்கும் விரிவது அலர். மாணவிகள் சரியாக எழுதுவார்கள். அவள் சொன்ன பிறகுதான் அலர் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது. ஊர் எல்லாவற்றையும் அறிகிறது, பேசுகிறது. அறிந்ததற்குப் பொறுப்பேற்பதில்லை. ஊரின் அறிவுக்கு எழுத்து இல்லை. அரசின் அறிவுக்கு எழுத்து உண்டு, ஆனால் அதை எழுதினால் விலங்கையும் சேர்த்து எடுக்கிறார்கள் என்று அவள் பயப்படுகிறாள். அவளுக்கு வேண்டியது எழுதப்பட்ட அறிவு மட்டும். பிடிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு அவள் முடிவு செய்துகொள்வாள்.

இது சட்டத்துக்குப் புறம்பான ஆசை அல்ல. முதல் தகவல் அறிக்கை பதிந்ததாலேயே கைது செய்ய வேண்டியதில்லை என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், 498அ வழக்கு ஒன்றிலேயே, உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆண்களைக் காப்பதற்கான தீர்ப்பு என்று நாங்கள் அதைச் சந்தேகத்தோடுதான் படித்தோம். அறிவதையும் பிடிப்பதையும் அது பிரிக்கிறது என்ற ஒரு காரணத்துக்காக இப்போது திரும்பப் படிக்கிறேன். புதிய சட்டத்தின் 174ஆம் பிரிவிலும் ஒரு சின்ன வரி சேர்ந்திருக்கிறது: பிடியாணை வேண்டும் குற்றங்கள் பற்றிய தகவல்களைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். அதாவது, நிலையத்துக்கு வந்து சொன்னவள் நடுவர் மன்றத்துக்கு வரமுடியாவிட்டாலும் அவள் சொன்னது வந்துசேர வேண்டும். மீன் ஒருநாள் காத்திருக்காது. கோர்ட்டுக்குப் போகும் நாளின் வரும்படி ஐஸில் உருகிவிடும். அவளைப் போன்றவளுக்கு இந்த வரி முக்கியம், யாராவது அதை நடைமுறைப்படுத்தினால்.

நான் கேட்பது இவ்வளவுதான். அறிவதற்கான வாசல் அகலமாக இருக்கட்டும். ரத்தம், திருமணம், சுவீகாரம் என்ற மூன்று தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டு, எதிர் வீட்டுக்காரி சொன்னாலும் எழுதுங்கள். எழுதியதும் அவளிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். பிடிப்பதற்கான வாசல் குறுகலாகவே இருக்கட்டும், இருளர் மாணவி கேட்ட அந்தப் பேப்பரோடு. இரண்டு வாசலையும் ஒன்றாகத் திறக்கவும் ஒன்றாகச் சாத்தவும்தான் வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

*

அந்த ஆண்டு டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. பொங்கல் கழிந்து அவள் வந்தாள். "மனு எழுதணுங்கா" என்றாள். "கணவர் அடிக்கடி அடித்துத் துன்புறுத்துகிறார்" என்று தொடங்கினேன். படித்துக் காட்டச் சொன்னாள்.

"அடிக்கடின்னு போடாதீங்க. எத்தினி தடவைன்னு எனக்குத் தெரியும்."

சொன்னாள். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த இரவு. ஐப்பசியில் போன் உடைந்த அன்று. புயல் அடித்த ராத்திரி, கூரைத் தகடு பறக்கும்போது. ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதினேன். பதினொன்று வந்தது.

இருவரும் அதே நிலையத்துக்குப் போனோம். வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லாத, தமிழ்நாட்டு நிலையங்களின் வழக்கத்தில் இருக்கும் சீட்டு அது. முதல் தகவல் அறிக்கை பதியாமல் ஒப்பேற்றுவதற்கான வழி என்று வழக்கறிஞர்கள் அதைக் குறை சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவள் அதை மாமல்லபுரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்தாள். அடி நின்றதா என்று கேட்டால், "கொறஞ்சிருக்கு" என்கிறாள். கையை ஓங்கும்போது கண் அந்தப் பக்கம் போகிறதாம். மறுபடி வேண்டுமென்றால் அடுத்த படி எது என்று இப்போது அவளுக்குத் தெரியும். எப்போது ஏறுவது என்பதை அவள் எனக்குச் சொல்வாள்.

அன்று நிலையத்தில் வேறொரு காவலர் இருந்தார். அவளுடைய பெயர், வயது, முகவரியெல்லாம் எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க இவங்களுக்கு யாரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்.

"எழுதிக் குடுக்க வந்தாங்க. சொன்னது நானு."